போஸ்டர் ஒட்டினால் போதுமா? அலுவலகத்திலும் கல்லூரியிலும் நிலைத்தன்மை: ஓர் எளிய அறிமுகம்

ஸ்வீடனில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். அங்கே காகிதச் செலவைக் குறைக்க ஆய்வாளர்கள் இரண்டு வழிகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்று, வளங்களைச் சேமியுங்கள் என்று ஊழியர்களிடம் வேண்டுகோள் வைப்பது. இன்னொன்று, யாரிடமும் எதுவும் சொல்லாமல் பிரிண்டரின் அமைப்பை மாற்றி, தாளின் இரண்டு பக்கமும் தானாகவே அச்சாகும்படி வைத்துவிடுவது. ஒரு பக்கம் மட்டும் வேண்டும் என்பவர்கள் அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம், தடை ஏதுமில்லை. வேண்டுகோளால் எந்தப் பலனும் இல்லை. அமைப்பை மாற்றியதும் காகிதச் செலவு 15 சதவீதம் குறைந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குறைவு அப்படியே இருந்தது.

இரண்டு சோதனைகளிலும் இருந்தவர்கள் ஒரே மாதிரியான ஊழியர்கள்தான். அவர்களுடைய நல்லெண்ணம் திடீரென்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மாறியது நிறுவனம் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்த ஒரு சிறிய முடிவு மட்டும்தான். பணியிடங்களிலும் உயர்கல்வி நிறுவனங்களிலும் நிலைத்தன்மையை வளர்ப்பது என்றால் பெரும்பாலும் இதுதான்: தனி மனிதர்களைத் திருத்தப் புறப்படுவதற்கு முன்னால், நிறுவனத்தின் முடிவுகளைத் திருத்துவது. இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் இந்த வரிசையைத்தான் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

எதைப் பற்றிப் பேசுகிறோம்?

நிலைத்தன்மைக்குப் பல விளக்கங்கள் உண்டு. அதிகம் எடுத்தாளப்படுவது ஐ.நா. அமைத்த ஓர் ஆணையம் 1987இல் தந்த விளக்கம். நார்வேயின் பிரதமராக இருந்த க்ரோ ஹார்லம் ப்ரூண்ட்லாண்ட் அதற்குத் தலைமை தாங்கினார். வருங்காலத் தலைமுறைகள் தங்கள் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் வாய்ப்பைக் கெடுக்காமல், இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவு செய்துகொள்வது என்பதே அதன் சாரம். சூழல், சமூகம், பொருளாதாரம் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது.

ஒரு அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ இதை எப்படிப் பொருத்திப் பார்ப்பது? மூன்று கேள்விகள் போதும். உள்ளே என்ன வருகிறது? மின்சாரம், தண்ணீர், காகிதம், கணினி, உணவுப் பொருள், கட்டுமானப் பொருள். வெளியே என்ன போகிறது? புகை, கழிவுநீர், குப்பை, பழைய மின்னணுக் கருவிகள். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மனிதர்கள் எப்படி நடத்தப்படுகிறார்கள்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். கூரை முழுக்க சோலார் பலகை வைத்திருக்கும் ஒரு நிறுவனம், தூய்மைப் பணியாளர்களை ஒப்பந்தக்காரர் மூலம் அடிமாட்டுக் கூலிக்கு வைத்திருந்தால் அங்கே நிலைத்தன்மை இருப்பதாக என்னால் ஏற்க முடியாது. சூழலும் மனிதரும் ஒன்றாகவே பயன்பெறும் இடங்களும் இருக்கின்றன. பல அலுவலகங்களில் எல்லோரும் போன பிறகு, இரவில்தான் துப்புரவு நடக்கிறது. அதற்காக மாடி மாடியாக விளக்கும் ஏசியும் ஓடுகின்றன. அந்த வேலையைப் பகல் நேரத்துக்கு மாற்றினால் மின்சாரம் மிச்சம். பணியாளர்களும் நேரத்தோடு வீடு திரும்பலாம். அப்புறம் இன்னொன்றும் நடக்கிறது. அதுவரை யார் கண்ணிலும் படாமல் இருந்தவர்களின் முகத்தையும் பெயரையும் மற்ற ஊழியர்கள் தெரிந்துகொள்கிறார்கள்.

முதலில் கணக்கு

எங்கே எவ்வளவு போகிறது என்று தெரியாமல் எதையும் குறைக்க முடியாது. கரியமில வாயு (கார்பன் டை ஆக்சைடு) போன்ற, பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் கணக்குக்கு உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறை 2001இல் வெளிவந்தது. உலக வள நிறுவனமும், நிலையான வளர்ச்சிக்கான உலக வணிகக் குழுவும் சேர்ந்து அதை உருவாக்கின. ஒரு நிறுவனத்தால் வெளியாகும் இந்த வாயுக்களை, அதாவது உமிழ்வை, அது மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறது. ஆங்கில வழக்கில் இவை ஸ்கோப் 1, 2, 3.

முதல் வட்டம், நிறுவனம் நேரடியாக எரிப்பது: ஜெனரேட்டர் டீசல், சமையல் எரிவாயு, சொந்த வண்டிகள். ஏசியிலிருந்து கசியும் குளிர்பதன வாயுவும் இதில்தான் வரும். இரண்டாவது, வாங்கும் மின்சாரம். அது எங்கோ ஒரு மின்நிலையத்தில் புகையாகிறது. மூன்றாவது வட்டத்தில் மற்றதெல்லாம் வரும். வாங்கும் பொருள்களைத் தயாரிக்கும்போது வெளியான புகை, ஊழியர்களும் மாணவர்களும் வந்துபோகும் பயணம், விமானப் பயணம், குப்பை, புதுக் கட்டடத்தின் சிமெண்டும் இரும்பும். பெரும்பாலான அலுவலகங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் மூன்றாவது வட்டமே பெரியது. அளக்கக் கடினமானதும் அதுதான். அதனாலேயே அறிக்கைகளிலிருந்து காணாமல் போவதும் அதுதான்.

இந்த வட்டங்களின் அளவு மனதில் பதிந்தால்தான் எதற்கு முதலிடம் தருவது என்று புரியும். 10 வாட் எல்இடி விளக்கு ஒன்று நாளுக்கு 8 மணி நேரம் வீதம், ஆண்டுக்கு 250 நாள் எரிந்தால் 20 யூனிட் ஆகும். ஒரு யூனிட்டுக்கு அரை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தாலும் ஆண்டுக்குப் 10 கிலோதான். கண்டம் விட்டுக் கண்டம் விமானத்தில் போய்வரும் ஒருவரின் பங்கு ஒரு டன்னை ஒட்டியோ அதற்கு மேலோ வரும். அதாவது நூறு விளக்குகள் ஓராண்டு எரிவதும், ஒருவர் ஒரு மாநாட்டுக்குப் போய்வருவதும் ஏறத்தாழ ஒன்று. விளக்கை அணைக்காதே என்று சொல்லவில்லை, அணைக்கத்தான் வேண்டும். ஆனால் விளக்குக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, பயணக் கொள்கையைத் தொடாமல் விட்டால் முக்கால்வாசி வேலை பாக்கி நிற்கும்.

கட்டடத்துக்குள்

கட்டடங்களில்தான் அதிகம் மிச்சம் பிடிக்கலாம் என்பதால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் ஆள் இருக்கும் அலுவலகம் என்றால் 50 மணி நேரம்தான் பயன்பாடு. மீதி 118 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 70 சதவீத நேரம், கட்டடம் காலி. அந்தக் காலி நேரத்தில் மின்மீட்டர் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்தால் பல இடங்களில் அதிர்ச்சியாக இருக்கும். காற்றோட்ட மின்விசிறிகள், தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகள், தூங்காத கணினிகள், யாரோ என்றோ வைத்த டைமர் என எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். பழக்கத்தை மாற்றச் சொல்லி யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பராமரிப்புப் பிரிவில் ஒருவர் அந்த நேர அட்டவணையைத் திருத்தினால் போதும். நிலைத்தன்மைக் கூட்டங்களுக்குப் பேராசிரியர்களையும் மேலாளர்களையும் அழைப்பவர்கள், எலக்ட்ரீஷியனை அழைக்க மறந்துவிடுகிறார்கள். என் பார்வையில் அவருக்குத்தான் முதல் நாற்காலி போட வேண்டும்.

எலக்ட்ரீஷியன்களுக்கு நன்றாகத் தெரிந்த, நமக்கு அவ்வளவாகத் தெரியாத ஒரு விதி உண்டு. மின்விசிறியோ பம்போ எடுத்துக்கொள்ளும் மின்திறன், அதன் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் தேவைப்படும் மின்திறன் 80 சதவீதமாகக் குறையாது, 0.8 × 0.8 × 0.8 என்று பெருக்கினால் வருவது 0.51, அதாவது கிட்டத்தட்டப் பாதி. பெரிய கட்டடங்களில் காற்றைத் தள்ளும் விசிறிகள் பெரும்பாலும் தேவைக்கு மேல் வேகமாகவே ஓடுகின்றன. வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் கருவியைப் பொருத்தினால், அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வித்தியாசமே தெரியாமல் பில் இறங்கும்.

உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியும்படியான மாற்றங்களைக் கொஞ்சம் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட ஓ.இ.சி.டி. என்ற பல நாடுகளின் பொருளாதார அமைப்பின் அலுவலகங்களில், ஒரு குளிர்காலத்தில், அறையின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கருவியின் தொடக்க அளவை மாற்றிச் சோதித்தார்கள். 1 டிகிரி குறைத்து வைத்தபோது, ஊழியர்கள் இறுதியாக வைத்துக்கொண்ட வெப்பநிலை சராசரியாக 0.38 டிகிரி குறைந்தது. 2 டிகிரி குறைத்துப் பார்த்தபோது அந்த அளவுக்குக்கூடப் பலன் இல்லை. உடம்புக்கு உறைக்கும் அளவு மாற்றினால் மக்கள் கையால் திருத்திவிடுவார்கள் என்பதையே இது காட்டுகிறது.

ஜப்பான் இதையே வேறு பக்கத்திலிருந்து அணுகியது. 2005 கோடையில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அலுவலக ஏசியை 28 டிகிரியில் வைக்கச் சொன்னது. அதோடு நிறுத்தியிருந்தால் தோற்றிருக்கும். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு 28 டிகிரியில் யார் உட்காருவார்கள்? ஆகவே டை வேண்டாம், கோட் வேண்டாம், சட்டை போதும் என்று உடை வழக்கத்தையும் சேர்த்து மாற்றினார்கள். கூல் பிஸ் என்ற அந்த இயக்கத்தால் முதல் கோடையில் மட்டும் 4.6 லட்சம் டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாக அரசு மதிப்பிட்டது. ஏசியின் எண்ணை மட்டும் உயர்த்தி, ஆட்களை வேர்க்க விட்டிருந்தால் அது சிக்கனமாகாது, தண்டனையாகிவிடும்.

பெரிய முதலீட்டுக்குத் துணிந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் பக்கத்தில் இருக்கும் கயூகா ஏரியின் அடியாழத்திலிருந்து குளிர்ந்த நீரை எடுத்து, 2000ஆம் ஆண்டு முதல் வளாகத்தைக் குளிர்விக்கிறது. ஏரி நீரும் வளாகக் குழாய் நீரும் கலப்பதில்லை. நடுவில் உலோகத் தகடுகள் வழியே வெப்பம் மட்டும் கைமாறுகிறது, ஏரி நீர் திரும்ப ஏரிக்கே போய்விடுகிறது. குளிர்விப்புக்கான மின்சாரம் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. எல்லா வளாகத்துக்கும் பக்கத்தில் ஆழமான ஏரி இருக்காது. ஆனால் தன் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்த்துத் திட்டமிடும் குணத்தை யாரும் கடன் வாங்கலாம்.

கல்லூரிகளில் அதிகம் கவனிக்கப்படாத இடம் ஆய்வுக்கூடம். நச்சு ஆவியை இழுத்து வெளியேற்றும் அலமாரி ஒன்று, ஏசி குளிர்வித்த காற்றை நாள் முழுக்க வெளியே கொட்டிக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு அலமாரி பல வீடுகளுக்கான மின்சாரத்தைத் தின்னும். வேலை இல்லாதபோது அதன் கண்ணாடிக் கதவை இறக்கிவைத்தாலே பெரும் மிச்சம். ஹார்வர்டு போன்ற பல்கலைக்கழகங்கள் இதற்கென்றே தனி இயக்கம் நடத்தியிருக்கின்றன. உயிரியல் மாதிரிகளை வைக்கும் உறைபெட்டிகள் மைனஸ் 80 டிகிரியில் ஓடுகின்றன. பல மாதிரிகளுக்கு மைனஸ் 70 போதும். அந்தப் பத்து டிகிரியில் ஏறத்தாழ 30 சதவீத மின்சாரம் மிச்சமாகும்.

பில் யார் கட்டுகிறார்கள்?

மின்சாரத்தை வீணாக்கும் துறை ஒன்று, பில் கட்டும் துறை வேறொன்று. வேதியியல் துறையின் ஆய்வுக்கூடம் எவ்வளவு செலவழித்தாலும் கட்டணம் மைய நிதியிலிருந்து போகும். வாடகைக் கட்டடத்தில் இருக்கும் நிறுவனம் என்றால் நல்ல ஜன்னல் போடும் செலவு உரிமையாளருக்கு, குறையும் மின்கட்டணம் வாடகைதாரருக்கு. அதனால் ஜன்னல் போடவே மாட்டார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை, கணக்குத்தான் அப்படிப் பிரிந்து கிடக்கிறது.

இதைச் சரிசெய்ய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் உள்ளுக்குள்ளேயே கார்பனுக்கு விலை வைத்தது. 2015இல் 20 கட்டடங்களில் சோதனையாகத் தொடங்கி, 2017இல் 250க்கு மேற்பட்ட கட்டடங்களுக்கு விரித்தார்கள். ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு அப்போது 40 டாலர். பல்கலைக்கழக சராசரியைவிட அதிகம் குறைத்த பிரிவுகளுக்குப் பணம் திரும்ப வரும், பின்தங்கியவை கட்டும். மொத்தத்தில் பணம் வளாகத்துக்குள்ளேயே சுற்றுகிறது. ஆனால் அதுவரை எங்கோ ஒரு கணக்காளரின் மேசையில் முடிந்துபோன எண், இப்போது ஒவ்வொரு பிரிவின் தலைவருக்கும் மாதாமாதம் தெரிகிறது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2012 முதல் இதே எண்ணத்தில் தன் பிரிவுகளிடம் உள்கட்டணம் வசூலிக்கிறது.

முதலீட்டுக்குப் பணம் இல்லை என்பது அடுத்த தடை. இதற்குச் சுழல்நிதி என்ற எளிய ஏற்பாடு இருக்கிறது. ஒரு திட்டத்துக்கு 100 செலவு, அதனால் ஆண்டுக்கு 25 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நிதியிலிருந்து 100 கடனாகத் தரப்படும். முதல் நான்கு ஆண்டு மிச்சமாகும் பணம் நிதிக்கே திரும்பும். ஐந்தாம் ஆண்டு முதல் அந்த மிச்சம் துறைக்குச் சொந்தம். நிதியிலிருக்கும் 100 அடுத்த திட்டத்துக்குப் போகும். ஹார்வர்டு 2001இல் இப்படிப் புதுப்பித்த நிதி பின்னர் 1.2 கோடி டாலராக வளர்ந்தது. சின்னக் கல்லூரி ஒன்று இதைச் சின்ன அளவில் தொடங்கலாம். ஒரே ஒரு நிபந்தனை உண்டு: மிச்சமான பணத்தை நிர்வாகம் வேறு செலவுக்கு எடுத்துக்கொள்ளாது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் சுற்றோடு நிதி நின்றுவிடும்.

பணத்தின் போக்கு பயணத்தையும் மாற்றும். இலவச வண்டி நிறுத்தம் என்பது காரில் வருபவருக்கு மட்டும் தரப்படும் சலுகை. பேருந்திலும் சைக்கிளிலும் வருபவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1992இல் வந்த ஒரு சட்டம் சில நிறுவனங்களிடம், நிறுத்துமிடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்கச் சொன்னது. டொனால்டு ஷூப் என்ற நகரமைப்புப் பேராசிரியர் இதைக் கடைப்பிடித்த எட்டு நிறுவனங்களை ஆராய்ந்தார். தனியாகக் காரில் வருவோர் எண்ணிக்கை 17 சதவீதம் குறைந்திருந்தது. யாருடைய நிறுத்துமிடத்தையும் பறிக்கவில்லை.

வாங்குவதும் தூக்கிப்போடுவதும்

குப்பைத்தொட்டிக்கு மூன்று நிறம் பூசுவதில் காட்டும் ஆர்வத்தை, கொள்முதல் பிரிவில் காட்டினால் பலன் பல மடங்கு. ஒரு லேப்டாப்பின் ஆயுள் முழுக்க உண்டாகும் உமிழ்வில் பெரும்பகுதி, அதைத் தயாரிக்கும்போதே முடிந்துவிடுகிறது. ஆகவே மின்சாரம் குறைவாக இழுக்கும் புது லேப்டாப் வாங்குவதைவிட, இருப்பதை இன்னும் இரண்டு ஆண்டு ஓட்டுவதே மேல். ஆயிரம் பேருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்றினால் ஆண்டுக்கு 333 லேப்டாப் வாங்க வேண்டும், ஐந்து ஆண்டாக நீட்டினால் 200 போதும். உலகில் 2022இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதம்தான்.

டெண்டரில் விலை குறைவானதே வெல்லும் என்ற விதி இருக்கும் வரை இதெல்லாம் நடக்காது. பழுது பார்க்க முடியுமா, உதிரிபாகம் கிடைக்குமா, ஐந்து ஆண்டு மின்செலவு என்ன என்பதையும் மதிப்பெண்ணில் சேர்க்க வேண்டும். சலிப்பூட்டும் காகித வேலைதான், ஆனால் நிறுவனம் பிறகு வாங்கும் ஒவ்வொரு பொருளையும் இது தொடும்.

கேண்டீன்

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் கணக்குப்படி 2022இல் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 28 சதவீதம் உணவகம், விடுதி, கேண்டீன் போன்ற இடங்களில். வாஷிங்டனில் இருக்கும் அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில், உணவுக்கூடத்தில் தட்டுகளை அடுக்கும் டிரேயை எடுத்துவிட்டார்கள். அவ்வளவுதான். கை கொள்ளும் அளவே எடுத்துக்கொண்டதால், ஆளுக்கு மீந்து வீணாகும் உணவு 32 சதவீதம் குறைந்தது. இன்னும் வேண்டுமென்றால் எழுந்து போய் வாங்கிக்கொள்ளலாம். யாரும் பசியோடு இருக்கவில்லை.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் உணவுப் பிரிவு 2016 முதல் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் பட்டியலிலிருந்து நீக்கியது. வாங்கும் உணவில் கிலோவுக்கு உண்டாகும் கார்பன் உமிழ்வு 33 சதவீதம் குறைந்ததாக 2019இல் அறிவித்தது. இப்படி நீக்குவது எல்லா இடத்திலும் பொருந்தாது. சில இடங்களில் சண்டையில் முடியும். ஆனால் அதே பல்கலைக்கழகத்தின் மூன்று கல்லூரிகளில் நடந்த இன்னொரு ஆய்வு எதையும் நீக்கவில்லை. நான்கு உணவு வகைகளில் ஒன்று சைவம் என்பதை இரண்டு சைவம் என்று மாற்றினார்கள். சைவ உணவு விற்பனை 41 முதல் 79 சதவீதம் வரை கூடியது. ஸ்வீடன் பிரிண்டரில் பார்த்த அதே வழிதான் இது.

கல்லூரிக்குக் கூடுதலாக ஒரு பொறுப்பு

இதுவரை சொன்னது அலுவலகத்துக்கும் கல்லூரிக்கும் பொது. கல்லூரி ஒன்றில் மட்டும் வேறுபடுகிறது: அங்கிருந்து ஆண்டுதோறும் மனிதர்கள் வெளியே போகிறார்கள். பொறியாளர், கணக்காளர், ஆசிரியர், மருத்துவர் எல்லோரும் அங்கே கற்றதை வைத்துத்தான் அடுத்த முப்பது ஆண்டு முடிவெடுக்கப் போகிறார்கள். வளாகத்தின் மின்பில்லைவிட அந்த முடிவுகளின் எடை பல மடங்கு.

1990இல் பிரான்ஸின் டல்வார் என்ற ஊரில், அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் அழைப்பில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடி, பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். கற்பித்தல், ஆய்வு, வளாக நிர்வாகம் எல்லாவற்றிலும் நிலைத்தன்மையைச் சேர்ப்பதாக உறுதி தந்தார்கள். பின்னர் 500க்கு மேற்பட்ட கல்வி நிறுவனங்கள் அதில் கையெழுத்திட்டன. 2015இல் ஐ.நா. ஏற்ற 17 நிலையான வளர்ச்சி இலக்குகளிலும் நான்காவது இலக்கின் 4.7 பகுதி இந்தக் கல்வியைத்தான் வலியுறுத்துகிறது.

கையெழுத்துப் போடுவது சுலபம். வகுப்பறைக்குள் எப்படிக் கொண்டுவருவது? சுற்றுச்சூழல் என்று தனியாக ஒரு கட்டாயத் தாள் வைத்து, மனப்பாடம் செய்து எழுத வைப்பது பெரிதாகப் பயன் தராது. கட்டடக்கலை மாணவர் வெயிலின் திசை பார்த்து ஜன்னல் வரையக் கற்பதும், கணக்கியல் மாணவர் கார்பன் கணக்கு போடக் கற்பதும், கணினி மாணவர் தன் நிரல் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று அளக்கக் கற்பதும்தான் உண்மையான சேர்க்கை. வளாகத்தையே சோதனைக் கூடமாக்கிவிடலாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 1997இல் நிலையான வளர்ச்சிக்கென்று கொள்கை வகுத்து, மறு ஆண்டு அதற்குத் தனி அலுவலகம் திறந்தது. அதன் வளாகக் கட்டடங்களும் குழாய்களும் மாணவர்களின் ஆய்வுக்கு உயிருள்ள கூடமாக இருக்கின்றன.

மாணவர்களின் ஆர்வத்தை எடுத்துக்காட்ட அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியின் சோதனை நல்ல சான்று. 2005இல் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரம் மின்சாரப் போட்டி வைத்தார்கள். மொத்தத்தில் மின்பயன்பாடு 32 சதவீதம் குறைந்தது. மின்பயன்பாட்டை உடனுக்குடன் திரையில் காட்டிய விடுதிகளில் 55 சதவீதம். தண்ணீரிலோ குறைவு 3 சதவீதம் மட்டுமே. கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தைத் தெரியவைத்தால் இளைஞர்கள் எவ்வளவு தூரம் போவார்கள் என்பது இதில் தெரிகிறது. ஆனால் மாணவர்கள் மூன்று, நான்கு ஆண்டில் போய்விடுவார்கள். துடிப்பான ஒரு குழு போனதும் எல்லாம் படுத்துவிடுவதே கல்லூரி முயற்சிகளின் தீராத நோய். அதனால்தான் சம்பளம் வாங்கும் ஒருவராவது, பட்ஜெட்டோடு, இந்த வேலைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும். தன்னார்வலர்களின் தோளில் மட்டும் ஏற்றிவைப்பது நியாயமும் இல்லை, நீடிக்கவும் செய்யாது.

சான்றிதழ்களும் பெரிய அறிவிப்புகளும்

புதிதாக வருபவர்கள் சான்றிதழ்களைப் பார்த்து மயங்க வேண்டாம். 1996இல் முதலில் வந்த ஐ.எஸ்.ஓ. 14001 என்ற சர்வதேசத் தரச் சான்று, நிறுவனத்தில் சூழல் மேலாண்மைக்கு ஒழுங்கான ஏற்பாடு இருக்கிறது என்று சொல்கிறது. புகை குறைந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. பல்கலைக்கழகங்களுக்கு 2010இல் இரண்டு மதிப்பீட்டு முறைகள் வந்தன: வட அமெரிக்காவில் தொடங்கிய ஸ்டார்ஸ், இந்தோனேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் கிரீன்மெட்ரிக். இரண்டுமே நிறுவனங்கள் தாமே தரும் தகவலை வைத்துத்தான் இயங்குகின்றன. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இவை நல்ல கண்ணாடி. விளம்பரப் பலகையாக்கும்போதுதான் கெட்டுப்போகிறது.

கார்பன் சமநிலை, அதாவது எங்கள் உமிழ்வு முழுவதையும் குறைத்தோ ஈடுகட்டியோ விட்டோம் என்ற அறிவிப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எவ்வளவு உமிழ்வை உண்மையில் குறைத்தார்கள், எவ்வளவுக்கு வேறெங்கோ காடு வளர்ப்பவரிடம் பணம் கொடுத்து ஈடு வாங்கினார்கள்? அமெரிக்காவின் காலேஜ் ஆஃப் தி அட்லாண்டிக் 2007லேயே சமநிலை அடைந்ததாக அறிவித்தது. ஈடு வாங்கியதும் அதில் சேர்த்தி. ஈடு வாங்குவது குற்றமில்லை. ஆனால் குறைக்கக்கூடியதைக் குறைத்த பிறகு, மிச்சத்துக்கு மட்டும் வாங்குவதுதான் முறை. மரம் நடும் விழாவும் அப்படித்தான். நட்ட மரத்துக்கு மூன்றாம் ஆண்டு யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

சரி, எங்கே தொடங்குவது?

நீங்கள் ஒரு அலுவலகத்தில் இளநிலை ஊழியராகவோ, கல்லூரியில் மாணவராகவோ இருந்தால்கூடச் செய்யக்கூடியது இது. கடந்த 12 மாத மின்பில்லையும் தண்ணீர் பில்லையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே முதல் கண்டுபிடிப்பு. ஒரு வார இறுதியில், அனுமதியோடு, பராமரிப்பு ஊழியர் ஒருவருடன் கட்டடத்தைச் சுற்றி வந்து, எதெல்லாம் ஓடுகிறது என்று எழுதுங்கள். அப்புறம் பிரிண்டர், தெர்மோஸ்டாட், விளக்கு டைமர், கேண்டீன் பட்டியல், கணினி மாற்றும் காலம், பயணப்படி விதி ஆகியவற்றுக்கு எதிரே, அதை முடிவு செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பெயர் எழுதுங்கள். பல இடங்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். யாரும் முடிவு செய்யவில்லை, இயந்திரம் வந்தபோது இருந்த அமைப்பே தொடர்கிறது. அந்தக் காலிக் கட்டங்களில்தான் முதல் வெற்றி சுலபமாகக் கிடைக்கும், ஏனென்றால் எதிர்க்க அங்கே ஆளில்லை.

முதல் கோரிக்கையோடு மேலிடத்துக்குப் போகும்போது ஒன்றே ஒன்றைக் கேளுங்கள். செலவு இல்லாததாக, மூன்று மாதத்தில் பில்லில் தெரியக்கூடியதாக அது இருக்கட்டும். குறைந்த தொகையையும் யூனிட்டையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் போடச் சொல்லுங்கள். கூடிப்போன மாதத்தையும் மறைக்காமல் அதே இடத்தில் போட வேண்டும் என்று அப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.